மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணியின் மரபணு வெளிப்பாட்டை அளப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வேலை செய்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மலேரியா ஒட்டுண்ணியிடம் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. ஒரே நேரத்தில் எல்லாம் வேலை செய்வதில்லை. நோயாளியின் உடம்புக்குள் அந்த மணி நேரத்தில் எவை ஓடிக்கொண்டிருந்தன என்பதை ஆர்.என்.ஏ. சொல்லும். அந்த ஆர்.என்.ஏ.யைச் சிதையாமல் எடுத்து, அளந்து, சரியாக வாசிப்பதுதான் இந்த வேலை.

புதிதாக வருபவர்கள் பலரும் இயந்திரத்தைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியும்தான் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை மாதிரி கெட்டுப்போவது அங்கே இல்லை. ஊசி ஏறியதிலிருந்து முதல் ஒரு மணி நேரத்தில்தான் கெடுகிறது. அதனால் அந்தப் பகுதியை விரிவாகவும், லேப் புத்தகத்தில் கிடைக்கும் பகுதியைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்

"மலேரியா ஒட்டுண்ணியின் மரபணு வெளிப்பாட்டைப் பார்க்கப் போகிறேன்" என்பது கேள்வி ஆகாது. "வைவாக்ஸ் வகை மலேரியா நோயாளிகளில் கொசுவுக்குப் போகும் வடிவங்களின் மரபணுக்கள் முதல் நாளே ஓடுகின்றனவா?" என்பது கேள்வி. எந்த டியூப், எவ்வளவு ரத்தம், வெள்ளணுவை நீக்குவதா வேண்டாமா என்பதெல்லாம் இந்த ஒரு வரியைப் பொறுத்தது.

ஃபால்சிபாரமா வைவாக்ஸா, எந்த ஒட்டுண்ணி இனம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஃபால்சிபாரத்தில் வளர்ந்த ஒட்டுண்ணிகள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றோட்டத்திலிருந்து மறைந்துவிடும். கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் வளையம்போல் தெரியும் இளம் பருவமும், சில நேரம் கொசுவுக்குப் போகும் வடிவங்களான கேமிட்டோசைட்டுகளும்தான் கிடைக்கும். வைவாக்ஸில் எல்லாப் பருவங்களும் கலந்தே ஓடும். ஒன்றில் பாதி மறைந்திருக்கிறது, மற்றொன்றில் எல்லாம் கலந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே திட்டம் பொருந்தாது.

2. அனுமதி, ஒப்புதல்

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு சொட்டுகூட எடுக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்து செய்தால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும். மாதக்கணக்கில் ஆகலாம். ரசாயனங்களுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதால் அனுமதி வந்த பிறகு வாங்குங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் மட்டும் அடித்து வைப்பது இங்கே எல்லோரும் செய்யும் தவறு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழி. காய்ச்சலோடு வருபவர் வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவராக இருந்தால் இந்தி அல்லது ஒடியா வேண்டியிருக்கும். புரியாத தாளில் வைத்த கைநாட்டு ஒப்புதல் ஆகாது.

வாயால் விளக்குங்கள். பையனுக்குக் காய்ச்சல் என்று பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் கேட்டார்: "ஏஞ்சாமி, அவனுக்கே ரத்தம் கம்மின்னு சொல்றாங்க, நீங்க வேற எடுக்கறீங்களே?" நியாயமான கேள்வி. "ஒன்றரை டீஸ்பூன் அளவுதாம்மா. வேண்டாம்னா விட்டுடலாம். மாத்திரை எப்படியும் குடுத்துடுவாங்க" என்று சொன்னோம். கடைசி வாக்கியத்தைத் தவறாமல் சொல்லுங்கள். ஆராய்ச்சிக்குச் சம்மதித்தால்தான் வைத்தியம் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ரத்தசோகை கடுமையாக இருந்தால் அவரை விட்டுவிடுங்கள். அந்த ரத்தம் அவருக்குத்தான் தேவை.

3. நோயாளி வருமுன் பை தயாராக இருக்க வேண்டும்

நம் பக்கத்தில் மலேரியா இப்போது அடிக்கடி வருவதில்லை. வாரக்கணக்கில் ஒன்றும் இருக்காது, திடீரென்று ஒரு ராத்திரி போன் வரும். அப்போது சோதனைக்குழாய் தேட ஆரம்பித்தால் நேரம் போய்விடும். ஒரு பையில் எல்லாவற்றையும் போட்டுப் பூட்டி, மேலே பட்டியலை ஒட்டி, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: ரத்தம் உறையாமல் வைக்கும் இ.டி.டி.ஏ. டியூப், ஆர்.என்.ஏ.யை அப்படியே நிறுத்திவைக்கும் பாக்ஸ்ஜீன் டியூப், ஸ்லைடுகள், மெத்தனால், ஜீம்சா அல்லது ஜே.எஸ்.பி. சாயம், வெள்ளணு வடிகட்டி, உப்புக் கரைசல், அளந்து பிரித்து வைத்த ட்ரைசால் (அணுவை உடைத்து ஆர்.என்.ஏ.யைக் காக்கும் திரவம்), ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதி இல்லாத பைப்பெட் முனைகள், கையுறை, ஒரு தெர்மாஸ் பிளாஸ்க், தண்ணீரின் சூட்டைப் பார்க்க வெப்பமானி, கடிகாரம்.

மூன்று எச்சரிக்கைகள். ட்ரைசாலைப் பாலிப்ரொப்பிலீன் குழாயில்தான் வைக்க வேண்டும். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் மலிவான பாலிஸ்டைரீன் குழாயை அது அரித்துவிடும். ட்ரைசாலில் ஃபீனால் இருப்பதால் தோலில் பட்டால் வெந்துபோகும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அடுத்தது லேபிள். சாதாரண மார்க்கரால் எழுதினால் ஆல்கஹால் பட்ட நொடியில் எழுத்து கரைந்துவிடும். அப்படி எழுத்தில்லாமல் போன நான்கு குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எது யாருடையது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை, நான்கையும் கொட்ட வேண்டியதாயிற்று. மைனஸ் 80இல் தாங்கும் அச்சிட்ட லேபிளையே ஒட்டுங்கள்.

4. முதல் மாத்திரைக்கு முன் ரத்தம்

ரத்தம் முதலில், மருந்து அடுத்து. மருந்து உள்ளே போன சில மணி நேரத்திலேயே ஒட்டுண்ணி சாகத் தொடங்குகிறது. அதன் பிறகு எடுக்கும் ஆர்.என்.ஏ. மருந்தோடு போராடும் ஒட்டுண்ணியின் படம்.

இதன் மறுபக்கத்தை இன்னும் அழுத்திச் சொல்கிறேன்: உங்கள் மாதிரிக்காக மருந்து ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போகக் கூடாது. நீங்கள் வந்து சேர முடியாவிட்டால் அந்த நோயாளியை விட்டுவிடுங்கள். நர்ஸ் ஊசி குத்தும் நேரத்தில் உங்கள் டியூப் அவர் கையில் இருந்தால் போதும். பை தயாராக இருக்க வேண்டும் என்று சொன்னதன் காரணம் இதுதான்.

அப்போதே எழுதிக்கொள்ள வேண்டியவை: ஊசி குத்திய நேரம், உடல் வெப்பம், எத்தனையாவது நாள் காய்ச்சல், கடைசியாக எங்கே தங்கியிருந்தார், வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் ஏதாவது மாத்திரை வாங்கிப் போட்டாரா. கடைசிக் கேள்வியை இரண்டு முறை கேளுங்கள். முதல் தடவை "ஒண்ணும் போடலீங்க" என்பார்கள். "காய்ச்சலுக்கு, உடம்பு வலிக்கு எதாச்சும்?" என்று கேட்டால் பாக்கெட்டிலிருந்து அட்டை வெளியே வரும். வெப்பத்தைக் குறிப்பதற்கும் காரணம் உண்டு. காய்ச்சல் சூடே ஒட்டுண்ணியின் சில மரபணுக்களைத் தூண்டிவிடும்.

இரண்டு விதமாக எடுக்கச் சொல்வேன். முதலில் இ.டி.டி.ஏ. டியூபில் 5 மில்லி, அப்புறம் பாக்ஸ்ஜீனில் 2.5 மில்லி. பாக்ஸ்ஜீன் உள்ளே இருக்கும் திரவம் அந்தக் கணத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது, அதனால் உண்மையான நேரத்தின் படம் அதில் இருக்கும். ஆனால் மனித ஆர்.என்.ஏ.யும் அப்படியே இருக்கும். இ.டி.டி.ஏ. ரத்தத்தை வடிகட்டலாம், ஒட்டுண்ணி ஆர்.என்.ஏ.யின் பங்கு கூடும், ஆனால் நேரம் ஓடும். ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்க உதவும்.

பாக்ஸ்ஜீனை 8 முதல் 10 முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. அறை வெப்பத்தில் மூன்று நாள் தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். அந்த அறை வெப்பம் என்பது 18 முதல் 25 டிகிரி. சித்திரை மாதத்து தருமபுரியில் எந்த அறையும் அப்படி இருக்காது. உடனே ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள்.

5. இ.டி.டி.ஏ. டியூபை ஐஸில் வைக்காதீர்கள்

புதியவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு இது. ரத்தம் வந்ததும் ஐஸ் பேக்குக்கு நடுவில் செருகிவிடுவார்கள். மற்ற பல பரிசோதனைகளுக்கு அது சரி. இங்கே ஆபத்து.

கேமிட்டோசைட் என்பது கொசுவுக்குப் போகக் காத்திருக்கும் ஆண், பெண் வடிவம். மனித உடம்பின் 37 டிகிரியிலிருந்து சூடு குறைந்தால், கொசுவின் வயிற்றுக்குள் வந்துவிட்டதாக அதற்கு ஒரு அறிகுறி கிடைக்கிறது. கார அமிலத்தன்மை மாறுவதும், கொசுவுக்குள் இருக்கும் சாந்துரீனிக் அமிலமும் மற்ற அறிகுறிகள். சூடு இறங்கி, திறந்த ரத்தத்தில் காரத்தன்மையும் ஏறினால் சில கேமிட்டோசைட்டுகள் விழித்துக்கொள்ளும். பிறகு நாம் அளப்பது மனித உடம்புக்குள் நடந்ததை அல்ல, டியூபுக்குள் நடந்ததை.

பிளாஸ்கில் 37 டிகிரி தண்ணீர் ஊற்றி, டியூபை ஒரு பாலிதீன் பையில் போட்டு அதற்குள் இறக்குங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும். அரை மணி நேரத்துக்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுங்கள். அரூரிலோ அஞ்செட்டியிலோ எடுத்து, மாவட்டத் தலைநகர் லேபுக்குப் பஸ்ஸில் கொண்டுவந்து வடிகட்டலாம் என்று திட்டம் போடாதீர்கள். வடிகட்டியையும் ட்ரைசாலையும் ரத்தம் எடுக்கும் இடத்துக்கே கொண்டுபோங்கள். சின்ன சென்ட்ரிஃப்யூஜ் ஒன்று இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடித்துவிடலாம்.

6. ஸ்லைடு: ஒட்டுண்ணிக்கு இப்போது என்ன வயது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சிவப்பணுவுக்குள் ஃபால்சிபாரமும் வைவாக்ஸும் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன. வளையமாக ஆரம்பித்து, வளர்ந்து, பல குட்டிகளாகப் பிரிந்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. 2003இல் ஆராய்ச்சியாளர் ஜோசப் டெரிசியின் குழு ஃபால்சிபாரத்தை மணிக்கு மணி அளந்து காட்டியது: பெரும்பாலான மரபணுக்கள் இந்தச் சுற்றில் தனக்கென்று ஒரு நேரத்தில் ஏறி இறங்குகின்றன. 8 மணி நேர ஒட்டுண்ணிக்கும் 18 மணி நேர ஒட்டுண்ணிக்கும் ஆர்.என்.ஏ. பட்டியல் வேறு வேறு.

இதை நோயாளிக்குப் பொருத்திப் பாருங்கள். காலையில் வந்தவரிடம் இளம் வளையம், மாலையில் வந்தவரிடம் முதிர்ந்த வளையம். இருவரையும் ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மாறியிருப்பதாகக் கணினி சொல்லும். ஒருவருக்கு நோய் கடுமை, மற்றவருக்கு லேசு என்றால், கடுமையான நோயின் மரபணுக்களைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பிவிடுவோம். கண்டுபிடித்தது வயது வித்தியாசத்தை மட்டும்தான். 2007இல் செனகல் நோயாளிகளின் ஒட்டுண்ணிகள் மூன்று விதமான நிலைகளில் இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. அந்த வேறுபாட்டில் ஒட்டுண்ணியின் வயதுக்கும் கேமிட்டோசைட்டுக்கும் எவ்வளவு பங்கு என்ற விவாதம் அதைத் தொடர்ந்து எழுந்தது. பெரிய குழுக்களுக்கே வரும் சிக்கல் இது.

எனவே அதே டியூபிலிருந்து, அதே நேரத்தில், இரண்டு தடித்த பூச்சும் இரண்டு மெல்லிய பூச்சும் போடுங்கள். மெல்லிய பூச்சை மட்டும் மெத்தனாலில் நிலைப்படுத்துங்கள். தடித்ததில் மெத்தனால் பட்டால் சிவப்பணு கரையாமல் நின்று, கீழே ஒன்றும் தெரியாது.

தடித்த பூச்சில் 200 வெள்ளணு எண்ணும் வரை எத்தனை ஒட்டுண்ணி என்று பாருங்கள். அதை 40ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோலிட்டரில் உள்ள எண்ணிக்கை. இது வெள்ளணு 8,000 என்று வைத்துக்கொண்ட கணக்கு, நோயாளியின் உண்மையான எண்ணிக்கை கையில் இருந்தால் அதையே போடுங்கள். மெல்லிய பூச்சில் பருவத்தை எண்ணுங்கள்: மெலிந்த வளையம், தடித்த வளையம், வளர்ந்தவை, பிரிந்துகொண்டிருப்பவை, கேமிட்டோசைட். குறைந்தது 100 ஒட்டுண்ணி. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிடுங்கள். "வளையம் இருந்தது" என்று மட்டும் எழுதிவைத்த ஸ்லைடு குறிப்பு பின்னால் எதற்கும் உதவாது.

7. வெள்ளணுவை நீக்குவது

ஏன் நீக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மைக்ரோலிட்டருக்கு 5,000 ஒட்டுண்ணி என்றால் 5 மில்லியில் இரண்டரைக் கோடி. வெள்ளணு 6,000 என்றால் மூன்று கோடி. எண்ணிக்கை கிட்டத்தட்டச் சமம். ஆனால் ஒரு வெள்ளணுவில் இருக்கும் ஆர்.என்.ஏ. ஓர் இளம் வளையத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. வடிகட்டாமல் வரிசைப்படுத்தினால், அதாவது ஆர்.என்.ஏ.யின் எழுத்து வரிசையை இயந்திரத்தில் படித்தால், பணத்தில் பெரும்பகுதி மனித மரபணுக்களைப் படிக்கவே செலவாகும்.

செல்லுலோஸ் தூள் நிரப்பிய சிரிஞ்ச்தான் மலிவான வழி. பழைய கட்டுரைகளில் வாட்மேன் சி.எஃப்.11 என்று எழுதியிருக்கும், அதன் தயாரிப்பு நின்றுவிட்டது, அதற்கு மாற்றான செல்லுலோஸ் கிடைக்கிறது. உப்புக் கரைசலால் முதலில் நனையுங்கள். காய்ந்த தூளில் ரத்தத்தை ஊற்றினால் ஓரத்தில் வழி பிடித்து, வெள்ளணுவும் சேர்ந்தே இறங்கும். கரைசல் 37 டிகிரியில் இருக்கட்டும். பிஸ்டனை வைத்து அழுத்த வேண்டாம், தானாக இறங்கட்டும்.

வடிந்ததில் ஒரு சொட்டை எடுத்து ஸ்லைடு போட்டுப் பாருங்கள். வெள்ளணு போனதா, ஒட்டுண்ணி இருக்கிறதா என்று இப்போது தெரிந்துகொள்வதற்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது.

8. ட்ரைசாலும் குளிரும்

வடிந்த சிவப்பணுக்களைச் சுழற்றி, மேலே நிற்கும் நீரை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் கட்டியைப் போல் பத்து மடங்கு ட்ரைசால் ஊற்றுங்கள். கட்டி 2 மில்லி என்றால் 20 மில்லி. ட்ரைசாலையும் 37 டிகிரிக்குச் சூடாக்கி வைத்திருங்கள். குளிர்ந்ததை ஊற்றினால் அணுக்கள் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. வெளியே வராது. கட்டி முழுதாகக் கரையும் வரை உடனே நன்றாகக் குலுக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து உறைய வைக்கலாம். இதுவரை குளிர் எதிரி, இதன் பிறகு குளிர்தான் காப்பு.

மைனஸ் 80 ஃப்ரீசர் பக்கத்தில் இல்லாவிட்டால் உலர் பனி அல்லது திரவ நைட்ரஜன். நைட்ரஜன் என்றதும் சிலர் மிரளுகிறார்கள். மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கொண்டுவரும் கேனில் புகைவது அதுதான், நம் ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. தடித்த கையுறையும் காற்றோட்டமும் இருந்தால் போதும். மூடியை இறுக்கி அடைக்கக் கூடாது.

பாக்ஸ்ஜீன் டியூபைக் கம்பித் தாங்கியில் நிமிர்த்தி வைத்து முதலில் மைனஸ் 20, அடுத்த நாள் மைனஸ் 80. தெர்மாகோலில் செருகி உறைய வைத்தால் டியூப் விரிசல் விடும்.

கரண்ட் போய் வந்ததா என்று தெரிய எளிய வழி: ஒரு கப் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்து, ஃப்ரீசருக்குள்ளேயே விட்டுவிடுங்கள். காசு பனிக்குள் இறங்கியிருந்தால் இடையில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். மைனஸ் 80இல் இருக்கும் பொருளுக்கு இது காலம் கடந்த எச்சரிக்கைதான், பனி உருகும் அளவுக்குப் போயிருந்தால் அந்த மாதிரிகளை நம்பாதீர்கள்.

வரிசைப்படுத்தப் பெங்களூருக்கு அனுப்புவதென்றால் கிருஷ்ணகிரியிலிருந்து நேர் ரோடு. உலர் பனி ஆவியாகிக்கொண்டே இருக்கும், பெட்டியில் வாயு வெளியேற வழி இருக்க வேண்டும். கார் கண்ணாடியை இறக்கி வையுங்கள். பெட்டியின் மேல், உள்ளே நோயாளி மாதிரி இருக்கிறது என்று காட்டும் யூ.என். 3373 குறியை ஒட்ட மறக்க வேண்டாம்.

9. ஆர்.என்.ஏ. பிரிப்பது

இது எல்லா லேப் புத்தகத்திலும் இருக்கிறது. ஒரு மில்லி ட்ரைசாலுக்கு 0.2 மில்லி குளோரோஃபார்ம், 4 டிகிரியில் 12,000 ஜி வேகத்தில் 15 நிமிடம், மேலே நிற்கும் தெளிந்த நீர், ஐசோப்ரொப்பனால், 75 சதவீத எத்தனால். தெளிந்த நீரை முழுவதும் உறிஞ்ச ஆசைப்படாதீர்கள். கடைசிப் பகுதியை விட்டுவிடுங்கள், நடு அடுக்கு ஒட்டிக்கொண்டு வந்தால் டி.என்.ஏ.யும் வரும்.

எப்படியும் கொஞ்சம் டி.என்.ஏ. வரத்தான் செய்யும். அதை நொதி வைத்து அழிக்க வேண்டும். ஒட்டுண்ணியின் மரபணுக்களில் ஏறக்குறைய பாதிக்கு இடைத்துண்டே (ஆர்.என்.ஏ.யில் வெட்டி நீக்கப்படும் பகுதி, இன்ட்ரான்) கிடையாது என்பதால், பி.சி.ஆரில் டி.என்.ஏ.யிலிருந்து வந்ததா ஆர்.என்.ஏ.யிலிருந்து வந்ததா என்று நீளத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாதிரிக்கும், ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.வாக மாற்றும் தலைகீழ்ப் படியெடுப்பு நொதி சேர்க்காத ஒரு குழாயையும் ஓட்டுங்கள். அதில் சிக்னல் வந்தால் மறுபடி சுத்தம் செய்யுங்கள்.

10. அளப்பது

நான்கைந்து மரபணுக்கள்தான் வேண்டும் என்றால் பி.சி.ஆர். போதும். ஃபால்சிபாரத்தின் டி.என்.ஏ.யில் ஏ, டி எழுத்துகள் 80 சதவீதத்துக்கும் மேல். வழக்கமான 72 டிகிரியில் நீட்டினால் இழைகள் பிரிந்துபோகும், 60 டிகிரியில் நீட்டுங்கள். ஒப்பீட்டு மரபணுவாகச் செரில் டி.ஆர்.என்.ஏ. சிந்தடேஸ், ஆல்டோலேஸ் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது பழக்கம். உங்கள் மாதிரிகளில் வயதோடு அவை ஏறி இறங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

எல்லா மரபணுக்களும் வேண்டும் என்றால் வரிசைப்படுத்தல். பாக்ஸ்ஜீன் மாதிரியில் ரிபோசோம் ஆர்.என்.ஏ.வோடு குளோபின் ஆர்.என்.ஏ.யையும் நீக்கச் சொல்லுங்கள். கடுமையான நோயாளிகளை ஒரு நாளும் லேசானவர்களை இன்னொரு நாளும் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்பும் கலந்திருக்கட்டும்.

11. கணினியில் எந்த வரிசையில் போக வேண்டும்

முதலில், படித்த துண்டுகளை மனித மரபணுத்தொகுதியும் ஒட்டுண்ணியின் தொகுதியும் சேர்ந்த ஒரே கோப்போடு பொருத்துங்கள். ஒட்டுண்ணியோடு மட்டும் பொருத்தினால் மனிதத் துண்டுகளும் எங்கேயாவது இடம் தேடி ஒட்டிக்கொள்ளும். ஒப்பிடுவதற்கான தொகுதி ஃபால்சிபாரத்துக்கு 3டி7, வைவாக்ஸுக்கு பி01, இரண்டும் பிளாஸ்மோடிபி இணையதளத்தில் கிடைக்கும். எந்த வெளியீட்டு எண் என்று குறித்துவையுங்கள். இடைத்துண்டின் உச்ச நீளத்தை மனிதனுக்கான இயல்பு அளவிலேயே விடாமல், ஒட்டுண்ணித் துண்டுகளைப் பிரித்துத் தனியாக ஓட்டும்போது குறையுங்கள்.

இரண்டாவதாக வயது. எந்த மரபணுவில் எத்தனை துண்டு என்ற எண்ணிக்கை அட்டவணை கிடைத்ததும், மணிக்கு மணி அளந்த 48 மணி நேர அட்டவணையோடு ஒப்பிட்டு ஒவ்வொரு மாதிரிக்கும் மணி நேரத்தைக் கணியுங்கள். ஸ்லைடில் எண்ணியதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் லேபிள் மாறியிருக்கலாம், அல்லது டியூப் அதிக நேரம் கிடந்திருக்கலாம். கேமிட்டோசைட்டின் பங்கையும் இதேபோல் கணியுங்கள்.

மூன்றாவதாகத்தான் நோயாளிகளை ஒப்பிட வேண்டும், அதுவும் வயதையும் கேமிட்டோசைட் பங்கையும் கணக்கில் சேர்த்து. பலர் நேராக இங்கே குதித்து, அழகான சிவப்பு பச்சைப் படம் வந்ததும் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள்.

12. வாசிக்கும்போது இரண்டு கண்ணிகள்

வார் மரபணுக்கள் முதல் கண்ணி. சிவப்பணுவின் மேல் ஒட்டுண்ணி காட்டும் முகத்தை மாற்றிக்கொள்ள உதவுபவை இவை. 3டி7இல் சுமார் 60 உண்டு, ஓர் ஒட்டுண்ணி பொதுவாக ஒரு நேரத்தில் ஒன்றையே வெளிக்காட்டும். ஆனால் உங்கள் நோயாளியின் ஒட்டுண்ணியில் இருப்பவை 3டி7இல் இருப்பவை அல்ல. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் வேறு. 3டி7இல் பொருந்தவில்லை என்பதால் "வார் வெளிப்பாடு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். பொருந்தாத துண்டுகளைத் தனியே எடுத்து, புதிதாகக் கோர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் இந்தக் குடும்பத்தையும் ரிஃபின், ஸ்டீவோர் குடும்பங்களையும் ஒப்பீட்டிலிருந்து வெளியே வைத்துவிட்டு, வைத்ததை வெளிப்படையாக எழுதுங்கள்.

இரண்டாவது, ஆர்.என்.ஏ. இருந்தால் புரதமும் இருக்கிறது என்று எண்ணுவது. பெண் கேமிட்டோசைட் சில ஆர்.என்.ஏ.க்களை மூட்டை கட்டி வைத்திருக்கும். கொசுவுக்குள் போன பிறகுதான் அவற்றிலிருந்து புரதம் செய்யும். அவற்றில் ஒன்றான பி25 மரபணுவின் ஆர்.என்.ஏ. நோயாளியின் ரத்தத்தில் ஏராளமாகத் தெரிந்தால், முதிர்ந்த பெண் கேமிட்டோசைட் இருக்கிறது என்று சொல்லலாம். அந்தப் புரதம் மனித உடம்பில் வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது.

எழுதி முடித்த அட்டவணையில் ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே இந்த ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள்: மருந்துக்கு முன்பா பின்பா, ஊசியிலிருந்து ட்ரைசால் வரை எத்தனை நிமிடம், ஸ்லைடின் பருவ எண்ணிக்கை, கணித்த வயது, மனிதத் துண்டுகளின் சதவீதம். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால், அந்த மாதிரியை ஒப்பீட்டில் சேர்க்கும் முன் லேப் நோட்டைத் திறந்து அதை நிரப்புங்கள்.